தொண்ணூற்றொன்பது

இருபத்தைந்து அடிக்குக் கீழே போன தண்ணீரை
மேலே நின்று எந்த மிசினும் உறிஞ்சாது.
ஆவணி மாதத்து விசுவமட்டுக் கிணறுகளுக்கு அது தெரியும்.
அதனால்தான் இறக்கினோம்,
மண்ணெண்ணெய் மிசினைக் கயிற்றில் கட்டி
உள்படிக் கல்லுக்கு,
தவசீலனும் நானும்.

உறிஞ்சுதல் என்று ஒன்றே இல்லையாம்,
பிறகு ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னது.
குழாய்க்குள் கொஞ்ச இடம் வெறுமையாகும்,
வெளிக்காற்றின் பாரம் தண்ணீரை அதற்குள் தள்ளும்.
நெஞ்சும் அப்படித்தான்.
பிரிமென்றகடு ஒரு விரலளவு இறங்கும்,
விலா சற்று விரியும்,
காற்று வந்து விழும்.
எந்தக் காற்று என்று
நெஞ்சு கேட்பதில்லை.

மேலே கச்சான் காற்று
கச்சான் பயிரைப் புரட்டிக்கொண்டிருந்தது.
(எங்களுக்கு இரண்டுக்கும் ஒரே பேர்.)
கிணற்றுக்குள் வேம்பின் சருகு ஒன்றும் அசையவில்லை.
குழாய் வாயில் சேறு அடைத்ததென்று
தவசீலன் இறங்கினான்.
இறங்கி, குந்தினான்.
"டேய், ஏன் குந்திற்றாய்?"
நிமிர்ந்து பார்த்த மாதிரி இருந்தது.

நுரையீரலைப் பிரித்து விரித்தால்
அரைக் கரப்பந்தாட்டத் திடல் வருமாம்.
மாலையில் வலைக்கு அந்தப் பக்கம்
தவசீலன் காத்து நின்ற அதே அளவு நிலம்,
முப்பது கோடிச் சிற்றறையாய் மடிந்து
ஒரு சேட்டுக்குள்.
சிற்றறைக்கு வெளியே
மயிரிலும் மெல்லிய குழாயில்
குருதிக் கலங்கள் வரிசையில் வரும்.
நடுவில் இருப்பதைச் சுவர் என்று சொல்ல ஏலாது,
ஈரம், அவ்வளவுதான்.
கதவில்லை. சோதனைச்சாவடி இல்லை.
கூடின பக்கமிருந்து குறைந்த பக்கத்துக்கு.
ஒட்சிசன் போகும், காபனீரொட்சைட்டு வரும்,
முக்கால் செக்கன். அதில் பாதியும் போதுமாம்.

கலத்துக்குள் ஈமோகுளோபின்,
நாலு இருக்கை உள்ள வாகனம்.
ஒட்சிசன் நல்ல பயணி;
நெஞ்சில் ஏறி மூளையில் இறங்கும்,
கெண்டைக்காலில் இறங்கும்.
மிசின் விட்ட காபனோரொட்சைட்டு
பரந்தனில் ஏறினால்
முல்லைத்தீவு வந்தும் எழும்பாது.
இருநூறு மடங்கு பிடிவாதம்.
பக்கத்தில் இருப்பவரையும் இறங்க விடாது.
மணமில்லை, நிறமில்லை,
இரத்தத்தை மட்டும் நல்ல சிவப்பாக்கும்.

தவசீலனின் முகம்
கலியாணத்துக்கு வெளிக்கிட்ட மாதிரி இருந்ததாம்.
"உயிர் இருக்கு, நிறத்தைப் பாருங்கோ" என்று
தருமபுரம் மட்டும் லான்ட்மாஸ்டர் பெட்டியில்
கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனார்கள்.

என் விரலில் கவ்வியை மாட்டினார்கள்.
தொண்ணூற்றொன்பது.
அதற்குச் சிவப்பை எண்ணத் தெரியும்,
சிவப்புக்குள் யார் இருக்கிறார் என்று தெரியாது.
எழுதப் போன பேனையை நிறுத்தி
பிறேமினி மிஸ்ஸி கேட்டா:
"மிசின் உள்ளுக்கையோ ஓடினது?"

மாஸ்க். சிலிண்டர்.
போத்தலில் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம்.
வெறுங்காற்றில் அந்த விஷம் பாதியாக
நாலைந்து மணித்தியாலம் வேணும்,
ஒட்சிசனில் ஒன்றரை.
எழும்பாதவனை எழுப்ப
ஒரு சனமே ஏறி நெருக்க வேண்டியிருந்தது.
விடியும் வரை எண்ணிக்கொண்டு கிடந்தேன்,
நிமிடத்துக்குப் பதினெட்டு.
கிணற்றடியில் அவன் நெஞ்சும்
இப்படித்தான் இறங்கி இடம் விட்டிருக்கும்,
ஒழுங்காக,
ஒரு பிழையும் விடாமல்.

கயிறு என் இடுப்பில் இருந்தது.
அவன் இடுப்பில் இல்லை.
இதில் விஞ்ஞானம் ஒன்றுமில்லை.

போன கிழமை றெட்பானாச் சந்தி கழிய
ஒரு தோட்டத்தில்
மண்ணுக்குள் இருந்து மிசின் சத்தம்.
சைக்கிளை வேலியில் எறிந்துவிட்டு ஓடினேன்.
கிணற்றுக் கட்டில் ஒரு பெடியன்,
ஒரு கால் உள்ளே.
அவன் சேட்டைப் பிடித்துக்கொண்டேன்.
வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை.
கையால் காட்டினேன்.

"என்னண்ணை," என்றான்,
"இப்பிடி மூச்சு வாங்குது?"